எதிர்ச்சரிவிலிருந்து வந்தவர்

இரவு இரண்டு மணிக்கு அலாரம்.
குவாசிமாரா எழுந்து
அரைத்தூக்கத்தில் இருக்கும் மகனை நிமிர்த்தி
ஒரு டம்ளர் தண்ணீர் புகட்டுகிறாள்.
ஆறு வயது நௌசெத்துக்கு
நாளொன்றுக்கு மூன்று லிட்டர்.
குளியலறைக் கதவில் ஒட்டிய தாளில்
குடித்தது நீல மையில்,
போனது சிவப்பில்.

லா கொமேரா தீவின் மேட்டுக் காடு
மூடுபனியை நக்கியே பிழைத்துக்கொள்ளும்.
இந்த வீட்டில் மட்டும்தான்
தண்ணீருக்குக் கணக்குப்பிள்ளை.

முதல் கல் விழுந்தபோது அவனுக்கு நான்கு வயது.
தீப்பெட்டியில் போட்டு, கப்பலேறி
தெனெரீஃபேவுக்குக் கொண்டுபோனாள்.
பாதி மிளகு இருக்கும்.
அவ்வளவு போதுமாயிருந்தது
ஒரு பிள்ளை விடிய விடியச் சுருண்டு கிடக்க.

டாக்டர் ஒதிலியா
காகிதத்தில் உருளைக்கிழங்கு போல ஒன்று வரைந்தார்.
கல்லீரலின் ஒரு செல்.
உள்ளே இரண்டு அறைகள்.
ஒன்றில் கழிவு சேரும்;
அதைச் சாதுவாக்கி அனுப்ப
ஒரு புரதம் அங்கே இருந்தாக வேண்டும்.
மற்றது மின்நிலையம்.

"உங்கள் மகனிடம் அந்தப் புரதம் இருக்கிறது.
கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஆனாலும் வேலை தெரியும்.
போய் உட்கார்ந்திருப்பதுதான்
மின்நிலையத்தில்."

துறைமுகத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள் அவள்.
"தொலைந்ததில்லை, மாறிப்போனது" என்றாள்.
தொலைந்தால் ஒரு படிவம் போதும்.
மாறினால் இரண்டு ஊர்களில் இரண்டு பேர்
ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

இரண்டு எழுத்துப் பிழைகளாம்.
ஒன்று பலரிடம் இருப்பது,
தனியே விட்டால் யாரையும் நோகடிக்காதது.
இன்னொன்று அதன் தோளில் ஏறிக்கொண்டது.
என் மொழியில்
வழி என்று எழுதப்போய்
வலி என்று எழுதிவிடுகிறோமே,
அப்படி.
அவள் அப்பா வழியாக ஒரு பள்ளத்தாக்கிலிருந்தும்
கணவனின் அம்மா வழியாக இன்னொன்றிலிருந்தும்
இறங்கி வந்து
ஒரே தொட்டிலில் சந்தித்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சீழ்க்கை மொழி ஒரு பாடம்.
வீட்டுப்பாடம்: ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.
நௌசெத் விரலை மடித்து வாயில் வைத்து,
கீழே வாழைத்தோட்டத்தில் நிற்கும் அப்பாவைக் கூப்பிட்டான்.
முன்பல் விழுந்த இடம்.
அதன் வழியே காற்று கொஞ்சம் ஒழுகியது.

அப்பா நிமிரவே இல்லை.
அரை மணி நேரம் கழித்து
எதிர்ச்சரிவு எலெயுதேரியோ
கருவிப்பெட்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.
"யாருக்கு என்ன?"

யாருக்கும் ஒன்றுமில்லை.
எந்தப் பம்ப்பையும் பிரித்துப் பூட்டும் கைகள்;
இங்கே பழுதான பம்ப் எதுவும் இல்லை.
காபி கொடுத்தாள். குடித்தார்.
அங்கே அவர் திறந்துவிட்டு வந்த மடையை
மூட ஆளில்லாமல்
இரண்டு பாத்திகள் கரைந்து கடலுக்குப் போயின.

மறுநாள் அதைக் கேட்டுச் சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது.

இப்போது ஓர் ஊசி வந்திருக்கிறது.
அது யாருக்கும் வழி சொல்லித் தருவதில்லை.
கழிவு வருகிற குழாயை
மேலேயே கொஞ்சம் திருகி வைக்கிறது.
"திருப்பிக் கூப்பிட முடியாதா?" என்று கேட்டாள்.
டாக்டர் பேனாவை மூடினார்.
உருளைக்கிழங்குக்குள் அந்தப் புள்ளி
மின்நிலையத்திலேயே இருந்தது,
ஒழுங்காக, சட்டை மடிப்புக் கலையாமல்.

இரவு இரண்டே கால்.
சிவப்பு மையில் எழுதுமுன்
ஜாடியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள்.
மினுக்கம் இல்லை. மணல் இல்லை.
இன்னொரு முறை சாய்த்துப் பார்க்கிறாள். இல்லை.

படுக்கையில் பிள்ளை வாய் பிளந்து தூங்குகிறான்.
கீழீற்றில்
வெள்ளையாக, கடினமாக,
பாதி மிளகு அளவில் ஏதோ ஒன்று.
நெஞ்சு அடைத்து
விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பல்.